கரையான் அரித்த வீடும் வாய் திறக்காத வீட்டுக்காரரும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. இன்னொருவர் கட்டி, பத்து வருடம் குடியிருந்து, பிறகு விற்க வரும் வீட்டை வாங்கிப் பார் என்று ஏனோ யாரும் சொல்லி வைக்கவில்லை. அதுவும் இந்த இரண்டுக்கும் குறைந்த சோதனை அல்ல. வீடு பார்க்க வருபவர் அரை மணி நேரம் சுற்றி வருவார். குழாயைத் திறந்து பார்ப்பார், மொட்டை மாடிக்கு ஏறுவார், கிணற்றை எட்டிப் பார்ப்பார். விற்பவருக்கோ அந்த வீட்டின் ஒவ்வொரு மழைக்காலமும் தெரியும். எந்த மூலையில் ஒழுகும், எந்தச் சுவரில் ஓதம் ஏறும், எந்த நிலைப்படிக்குள் கரையான் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

வாங்குபவர் கேட்கவில்லை, விற்பவரும் சொல்லவில்லை. பத்திரம் பதிவாகிப் பணமும் கைமாறிய பிறகு உண்மை வெளியே வருகிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, வங்கிக் கடனும் வாங்கி வீட்டுக்குள் வந்தவர் இப்போது என்ன செய்ய முடியும்?

விற்பவர் வாய்விட்டுப் பொய் சொல்லியிருந்தால் விஷயம் எளிது. அது மோசடி. விரிசலின் மேல் புதிதாகப் பூசி வெள்ளையடித்து மறைத்திருந்தாலும் சட்டம் அதைப் பொய்யோடுதான் சேர்க்கும். சிக்கல் எல்லாம் மூன்றாவது வகையில்தான். அவர் பொய் சொல்லவில்லை, எதையும் பூசி மறைக்கவுமில்லை. தெரிந்தும் சும்மா இருந்துவிட்டார். இப்படிச் சும்மா இருப்பது குற்றமா இல்லையா என்ற கேள்விக்கு இரண்டாயிரம் வருடங்களாக நீதிமன்றங்கள் மாற்றி மாற்றிப் பதில் சொல்லி வந்திருக்கின்றன.

ரோமாபுரியில் ஒரு உயரமான வீடு

கி.மு. 44-ஆம் ஆண்டு தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதிய சிசரோ, அதில் ஒரு வீட்டு வழக்கைச் சொல்கிறார். ரோமாபுரியில் பறவைகள் பறப்பதைப் பார்த்துச் சகுனம் சொல்லும் அரசாங்கக் குருமார்கள் இருந்தார்கள். கோட்டைக் குன்றின் மேல் நின்று வானத்தைப் பார்ப்பது அவர்கள் வேலை. எதிரே சீலியன் குன்றில் கிளாடியஸ் சென்டுமாலஸ் என்பவருடைய வீடு மிக உயரமாக எழும்பி அவர்களது பார்வையை மறைத்தது. மறைக்கும் பகுதிகளை இடித்துவிடு என்று உத்தரவு போட்டார்கள்.

கிளாடியஸ் என்ன செய்தார் தெரியுமா? இடிக்கவில்லை. வீடு விற்பனைக்கு என்று அறிவித்துவிட்டார். கல்பூர்னியஸ் லனாரியஸ் என்பவர் வாங்கினார். குருமார்கள் அதே உத்தரவைப் புதுச் சொந்தக்காரரிடம் நீட்டினார்கள். பாவம், அவர் இடித்தார். உத்தரவு வந்த பிறகுதான் கிளாடியஸ் வீட்டை விற்பனைக்கே வைத்தார் என்பது பின்னால் தெரியவர, நல்லெண்ணத்தின்படி எனக்கு என்ன தர வேண்டுமோ அதைத் தரட்டும் என்று வழக்குப் போட்டார். விசாரித்தவர் மார்கஸ் கேட்டோ. (ஜூலியஸ் சீசரை எதிர்த்து நின்ற புகழ்பெற்ற கேட்டோவின் தந்தை இவர். மற்றவர்களைத் தகப்பன் பெயரால் அடையாளம் சொல்வார்கள், இவரை மட்டும் மகன் பெயரால் சொல்ல வேண்டியிருக்கிறது என்று சிசரோவே குறிப்பிடுகிறார்.) விற்கும்போது விஷயம் தெரிந்திருந்தும் சொல்லாததால், வாங்கியவரின் நஷ்டத்தை விற்றவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது கேட்டோவின் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு திடீரென்று முளைத்ததல்ல. ரோமானியரின் மிகப் பழைய பன்னிரண்டு பலகைச் சட்டத்தில், விற்பவர் வாயால் சொன்னது பொய்யானால்தான் தண்டனை, அதுவும் இரண்டு மடங்கு. சொல்லாமல் விட்டதற்கும் பொறுப்பு உண்டு என்பதைப் பின்னால் வந்த சட்ட அறிஞர்கள்தான் சேர்த்தார்கள்.

அதே நூலில் கிரேக்கத் தத்துவவாதிகள் இருவரின் வாக்குவாதமும் வருகிறது. ஒருவன் வீட்டை விற்கிறான். அந்த வீடு உடம்புக்கு ஆகாதது, படுக்கையறைகளிலெல்லாம் பாம்பு வருகிறது, மரங்கள் இற்றுப்போய் விழும் நிலையில் இருக்கின்றன. சொந்தக்காரனைத் தவிர யாருக்கும் இது தெரியாது. அவன் சொல்ல வேண்டுமா? தார்சஸ் நகர அன்டிபேட்டர் கட்டாயம் சொல்ல வேண்டும் என்கிறார். சொல்லாமல் விடுவது வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் போவதைவிட மோசம் என்பது அவர் வாதம். பாபிலோனிய டயோஜனிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. யாரும் உன்னை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லையே, உடம்புக்கு ஆகாத வீடு விற்பனைக்கு என்று ஏலக்காரன் கூவினால் அதைவிடக் கேலிக்கூத்து உண்டா என்று கேட்கிறார். சிசரோ அன்டிபேட்டர் பக்கம் நின்றார். ஆனால் பிற்காலத்து நீதிமன்றங்கள் பல, தெரிந்தோ தெரியாமலோ, டயோஜனிஸ் பக்கம்தான் நின்றன.

வாங்குபவரே, எச்சரிக்கை!

"கேவியட் எம்ப்டார்", அதாவது வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்ற லத்தீன் தொடரைக் கேட்டதும் அது ரோமானியச் சட்டம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இது விதியாக வேரூன்றியது இங்கிலாந்தில். 1603-இல் சாண்டலர் எதிர் லோபஸ் என்ற வழக்கில் ஒருவர் பொற்கொல்லரிடம் 100 பவுண்டு கொடுத்து ஒரு பெசோவார் கல் வாங்கினார். விலங்கின் வயிற்றில் உருவாகும் இந்தக் கல் விஷத்தை முறிக்கும் என்று நம்பிக்கை. (நம்மூர் கோரோசனைக்குத் தூரத்து உறவு.) அது அசல் கல் இல்லை என்று தெரிந்ததும் வழக்குப் போட்டார். பொற்கொல்லர் அது பெசோவார் என்று சொன்னாரே தவிர உத்தரவாதம் கொடுக்கவில்லை, ஆகவே வழக்கு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாயால் சொன்னதற்கே இந்த நிலை என்றால் சொல்லாததற்கு என்ன கிடைக்கும்? 1851-இல் கீட்ஸ் எதிர் கடோகன் பிரபு என்ற வழக்கில் ஒருவர் குடியிருப்பதற்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். வீடு இடிந்து விழும் நிலையில் இருந்தது. உடனே குடிவரப் போகிறார் என்பதும் வீட்டின் நிலையும் சொந்தக்காரருக்குத் தெரியும் என்பதுதான் புகார். அப்படியே இருந்தாலும் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை, குடிவருபவர்தான் விசாரித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

இதை வெறும் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைய வீடுகளில் சுவருக்குள் ஓடும் மின்கம்பி கிடையாது, தரைக்குள் புதைத்த குழாய் கிடையாது. ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போனால் பெரும்பாலான குறைகளைக் கண்டுபிடித்துவிடலாம். வாங்கியவர்கள் எல்லாம் பின்னால் வந்து புகார் சொன்னால் எந்த விற்பனையும் முடிவுக்கு வராது என்ற பயமும் நீதிபதிகளுக்கு இருந்தது. ஆனால் சுவருக்குள் இருப்பதைக் கொத்தனாராலும் பார்க்க முடியாது என்பதுதான் இந்த விதியின் ஓட்டை.

1882: சென்னைக்கு முதல் நாளிலேயே வந்த விதி

இங்கிலாந்து இப்படி இருக்க, அதே ஆங்கிலேயர்கள் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தில் வேறு மாதிரி எழுதினார்கள்! சொத்து மாற்றுச் சட்டம் 1882 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. பம்பாய், பஞ்சாப், பர்மா ஆகியவற்றுக்கு முதலில் அது பொருந்தவில்லை. சென்னை மாகாணத்துக்கு முதல் நாளிலிருந்தே பொருந்தியது. வரைவைத் திருத்திய சட்ட ஆணையத்தில் விட்லி ஸ்டோக்ஸ், சர் சார்லஸ் டர்னர், ரேமண்ட் வெஸ்ட் என்று மூன்று பேர். இவர்களில் டர்னர் 1879 முதல் 1885 வரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். ஸ்டோக்ஸோ ஓய்வு நேரத்தில் பழைய ஐரிஷ் ஏடுகளைப் பதிப்பித்த பெரிய மொழி அறிஞர்.

இந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விற்பவர், வாங்குபவர் இருவரின் கடமைகளையும் வரிசையாகச் சொல்கிறது. விற்பவரின் கடமைகளில் முதலாவதே இதுதான். சொத்தில் முக்கியமான குறை ஏதாவது இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவது மோசடி என்று பிரிவின் கடைசியில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. 1882-இல் சொத்தின் குறை மட்டும்தான் இருந்தது. விற்பவரின் உரிமையில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும் என்பது 1929 திருத்தத்தில் சேர்ந்தது.

நடைமுறையில் என்னவோ இது தலைகீழ். கிரயப் பத்திரங்களில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னால் தெரியவந்தால் விற்பவரே முன்னின்று தீர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற வாசகம் தவறாமல் இருக்கும். வில்லங்கச் சான்று வாங்காமல் யாரும் முன்பணம்கூடக் கொடுப்பதில்லை. கரையானுக்கும் ஒழுகும் தளத்துக்கும் அப்படி ஒரு சான்றும் இல்லை, பத்திரத்தில் வாசகமும் இல்லை. உரிமைக் குறையைப் பற்றிய பயம் உடம்பில் ஊறியிருக்கிறது, கட்டடக் குறைக்கும் சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அந்தச் சட்டப்படி ஏமாந்தவருக்கு என்னென்ன வழிகள்? ஒப்பந்தம் மட்டும் போட்டு, கிரயம் ஆகாத நிலையில் குறை தெரியவந்தால், வாங்க மறுத்து முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நியாயமான காரணத்தோடு மறுத்தவருக்கு அவர் கொடுத்த பணத்துக்கும் வட்டிக்கும் அந்தச் சொத்தின் மேலேயே பிணை உண்டு என்று 55-ஆம் பிரிவு சொல்கிறது. கிரயம் முடிந்துவிட்டால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுக்குப் போக வேண்டும். மோசடியால் சம்மதம் பெறப்பட்டிருந்தால் ஏமாந்தவர் விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அல்லது வீட்டை வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்கலாம். பொதுவாக மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும். உண்மையை நேர்மையின்றி மறைப்பதும் ஏமாற்றுதான் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 415-ஆம் பிரிவிலேயே விளக்கம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு பிடித்திருக்கிறது.

இதில் பிடி இல்லாமல் இல்லை. பிரிவு 55 "வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது" என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய குறை என்று எதிர்த்தரப்பு நிரூபித்துவிட்டால் வழக்கு படுத்துவிடும். கூடத்தின் நடுவே ஓடும் விரிசலைப் பார்க்காமல் வாங்கிவிட்டு வழக்குப் போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறை இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, விற்றவருக்கு அது தெரிந்திருந்தது என்றும் காட்ட வேண்டும். கட்டுமான நிறுவனத்திடம் வாங்கிய புது வீட்டுக்கு மட்டும் இந்தத் தொல்லை குறைவு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ சுட்டிக்காட்டப்பட்டால் நிறுவனம் 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். அதற்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே எழாது. பழைய வீட்டை விற்கும் தனிமனிதருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

அமெரிக்காவில் ஒரு கரையான் வழக்கு

சென்னையில் இந்த விதி வந்து அறுபது வருடம் கழிந்தும் அமெரிக்காவின் நிலை வேறு. 1938 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் ஊரில் ஒருவர் ஒரு சேமிப்பு வங்கியிடமிருந்து குடும்பத்தோடு குடியிருக்க ஒரு வீட்டை வாங்கினார். இரண்டு வருடம் கழித்து, 1940 ஆகஸ்டில், வீடு முழுக்கக் கரையான் என்று தெரிந்தது. பழுது பார்க்கவும் கரையானைத் தடுக்கவும் நிறையச் செலவானது. விற்கும்போதே வங்கிக்கு இது தெரியும் என்று வழக்குப் போட்டார்.

1942-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸ்வின்டன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. வங்கி பொய் சொன்னதாகவோ, பாதி உண்மை சொன்னதாகவோ, வாங்குபவர் சோதித்துப் பார்ப்பதைத் தடுத்ததாகவோ புகார் இல்லை. வெறுமனே சும்மா இருந்தது என்பதுதான் புகார். அதற்குப் பொறுப்பாக்கினால் தெரிந்த குறையைச் சொல்லாத ஒவ்வொரு விற்பனையாளரையும் பொறுப்பாக்க வேண்டிவரும் என்றார் நீதிபதி குவா. மனித பலவீனங்களின் மேல் இவ்வளவு உயர்ந்த தர்மத்தைச் சுமத்தும் இடத்துக்குச் சட்டம் இன்னும் வரவில்லை என்ற பொருளில் எழுதினார். வழக்கு தோற்றது.

அவர் சொன்ன இன்னொரு காரணம் வேடிக்கையானது. விற்பவர் குறையைச் சொல்ல வேண்டும் என்றால், வெளியே தெரியாத நிறை ஒன்று வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால் அதை அவரும் சொல்ல வேண்டும் என்றாகிவிடுமே என்று கேட்டார். நடக்காத காரியம் என்பதற்கு உதாரணமாக அவர் அதைச் சொன்னார். அதே 55-ஆம் பிரிவில் கிட்டத்தட்ட அப்படி ஒரு கடமை வாங்குபவருக்கு 1882-லிருந்தே இருக்கிறது! விற்பவருக்குத் தன் உரிமையின் அளவு முழுதாகத் தெரியாமல் இருந்து, அதன் மதிப்பைக் கூட்டும் விஷயம் வாங்குபவருக்குத் தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். வீட்டின் மற்ற நிறைகளுக்கு அது பொருந்தாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த யோசனை ஒன்றும் உலகில் இல்லாத அதிசயமல்ல.

விதி மாறியது மெல்ல மெல்லத்தான். அதிலும் முதல் அடியை எடுத்து வைத்தது மறுபடியும் கரையான். வாஷிங்டன் மாநிலத்தில் 1954-இல் ஒரு தம்பதி அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை வாங்கினார்கள். விற்றவர்களுக்குக் கரையான் இருப்பது தெரியும். ஒரு நிபுணரை அழைத்து அரைகுறையாக மருந்தடித்துச் சரிசெய்தும் இருந்தார்கள். வாங்கியவர்கள் கரையானைப் பற்றிக் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. 1960-இல் ஆப்டி எதிர் ஷ்லெமேயர் என்ற இந்த வழக்கில், கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியே தெரியாத, ஆபத்தான குறையாக இருப்பதும், எளிய சோதனையில் வாங்குபவருக்குப் பிடிபடாததாக இருப்பதும்தான் கணக்கு. 3,950 டாலர் நஷ்டஈடு உறுதியானது. விற்றவர்களைக் காட்டிக்கொடுத்தது அவர்களே அழைத்த நிபுணர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். தெரிந்திருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

கலிஃபோர்னியாவில் 1963-இல் வந்த ஒரு தீர்ப்பு இன்னொரு தப்பும் வழியை அடைத்தது. "இருக்கும் நிலையிலேயே" விற்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று விற்பவர்கள் நம்பியிருந்தார்கள். பார்த்தால் தெரியும் குறைகளுக்கு அது செல்லும், தெரிந்தே மறைத்ததற்குச் செல்லாது என்றது அந்தத் தீர்ப்பு.

பிறகு வந்தது கரப்பான்பூச்சி வழக்கு. நியூஜெர்சியில் 1971 ஜூனில் ஒரு தம்பதி 42,500 டாலருக்கு ஒரு வீடு பேசி 4,250 டாலர் முன்பணம் கட்டினார்கள். வீட்டைப் பார்த்தபோதெல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில், கிரயத்துக்கு முன்னால், ஆளில்லாத வீட்டுக்குள் ஒரு மாலை நுழைந்து விளக்கைப் போட்டார்கள். சுவர், திரைச்சீலை என்று நாலாபக்கமும் கரப்பான்பூச்சிகள் ஓடின! மறுநாளே வக்கீல் மூலம் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். முன்பணம் விற்பவருக்கே என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 1974-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தெரிந்தே மறைத்தாரா, குறை எவ்வளவு பெரியது என்று விசாரணை நடத்தியே முடிவு செய்ய வேண்டும் என்றது. நாலு கரப்பான்பூச்சிக்கு வீட்டு விற்பனையை ரத்து செய்யலாமா என்று சிரிப்பவர்கள் உண்டு. சின்னக் குறைகளுக்கு ரத்து கிடையாது என்று அந்தத் தீர்ப்பே எச்சரித்திருக்கிறது.

புளோரிடா கூரை

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படும் வழக்கு 1985-இல் புளோரிடா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஜான்சன் எதிர் டேவிஸ். வீட்டுக்கு வயது மூன்றே ஆண்டுகள். விலை 3,10,000 டாலர். 1982 மே மாதம் ஒப்பந்தம் போட்டு 5,000 டாலர் கட்டினார்கள். அடுத்த 26,000 டாலர் கட்டுவதற்குள் வாங்கும் வீட்டம்மா ஜன்னல் ஓரத்தில் காரை உப்பி உரிவதையும் கூரையில் கறை இருப்பதையும் பார்த்துக் கேட்டார். ஜன்னலில் சின்னக் கோளாறு இருந்தது, எப்போதோ சரிசெய்தாகிவிட்டது, கறை சுவர்த்தாள் பசையாலும் உத்தரத்தை நகர்த்தியதாலும் வந்தது என்று பதில் கிடைத்தது. நம்பிக் கட்டினார்கள். சில நாள் கழித்துக் கனமழை. வீட்டுக்குள் நுழைந்தால் ஜன்னல் சட்டம், கூரை, விளக்குகள், கண்ணாடிக் கதவு, சமையலறை அடுப்பு என்று எங்கும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது.

விற்றவர்கள் தரப்பில் கூட்டி வந்த கூரைக்காரர்கள் இருவரும் 1,000 டாலருக்குள் சரிசெய்யலாம் என்றார்கள். வாங்கியவர்கள் கூட்டி வந்த மூவரும் கூரையின் அமைப்பே கோளாறு, 15,000 டாலருக்குப் புதுக் கூரைதான் போட வேண்டும் என்றார்கள். (நிபுணர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான்!)

இரண்டாவதாகக் கட்டிய 26,000-இல் சிக்கல் இல்லை. கேட்டதற்குத் தவறான பதில் சொன்னார்கள், அது பொய், அதைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் முதல் 5,000 கட்டியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. பழைய விதிப்படி அது விற்றவர்களுக்கே சேரும். அந்த 5,000 டாலருக்காகத்தான் நீதிமன்றம் விதியையே மாற்றியது. வீட்டின் மதிப்பைப் பாதிக்கும் விஷயம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும் எளிதில் கண்ணில் படாமலும் இருந்தால் சொல்லும் கடமை உண்டு என்றது. பொய் சொல்வதற்கும் சொல்லாமல் விடுவதற்கும் இடையே சட்டம் போட்ட பழைய கோடு அர்த்தமில்லாதது என்றும் விளக்கியது. தலைமை நீதிபதி பாய்டு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டை விற்கும் ஒவ்வொருவரும் அதன் நிலைக்கு உத்தரவாதம் கொடுப்பவராகிவிடுவார், அற்பக் குறைகளுக்கெல்லாம் வழக்கு வரும் என்பது அவருடைய கவலை.

இதன் சாரம் 1882-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறது. நூற்று மூன்று வருட இடைவெளி! ஆனால் புளோரிடாவின் விதி உடனே தரகர்களின் படிவங்களிலும் பயிற்சிகளிலும் ஏறியது. சென்னையின் விதி பெரும்பாலும் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் விற்பவரிடமிருந்து கட்டடத்தின் குறைகளை எழுத்தில் வாங்கும் வழக்கம் இங்கே வரவே இல்லை.

பேய்க்கும் ஒரு தீர்ப்பு

எது குறை என்பதிலும் சண்டை வந்தது. ஒழுகும் கூரை சரி. வீட்டில் முன்பு நடந்த கொலை? 1983-இல் கலிஃபோர்னியாவின் ரீட் எதிர் கிங் வழக்கில், பத்து வருடத்துக்கு முன் ஒரு பெண்ணும் நான்கு பிள்ளைகளும் கொலையான வீட்டை 76,000 டாலருக்கு வாங்கியவர், குடிவந்த பிறகு பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். வீட்டின் உண்மையான மதிப்பு 65,000 தான் என்று வழக்குப் போட்டார். மதிப்பு குறைந்ததை நிரூபிக்க முடிந்தால் வழக்கு நிற்கும் என்றது நீதிமன்றம்.

1991-இல் நியூயார்க் மாநிலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நயாக் ஊரில் 6,50,000 டாலருக்கு வீடு பேசி 32,500 டாலர் முன்பணம் கொடுத்தவருக்கு, அந்த வீடு பேய் வீடு என்று ஊரெல்லாம் பேர் வாங்கியது பிறகு தெரிந்தது. அந்தப் பெயரைப் பரப்பியது வீட்டுக்காரரேதான். 1977-இல் ரீடர்ஸ் டைஜஸ்டில் தன் வீட்டுப் பேய்களைப் பற்றி எழுதியவர் அவர். பேய் இருப்பதாக ஊருக்கெல்லாம் சொன்னவர் இப்போது இல்லை என்று சொல்ல முடியாது, ஆகவே சட்டத்தின் பார்வையில் இது பேய் வீடுதான் என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவானது. நஷ்டஈடு கிடையாது, ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம். சிரிப்பாக இருந்தாலும் உள்ளே உள்ள வாதம் பழையதுதான். எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாத விஷயம் அது.

கேள்வித்தாள் காலம்

நீதிபதிகள் தொடங்கியதைச் சட்டமன்றங்கள் படிவமாக்கின. கலிஃபோர்னியாவில் 1987 ஜனவரி 1 முதல் வீடு விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளை அச்சிட்ட படிவத்தில் நிரப்பித் தர வேண்டும். 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த பெயின்ட் இருப்பது தெரிந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்று 1992-இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அலபாமா போன்ற சில மாநிலங்கள் மட்டும் பழைய வீடுகளுக்கு "வாங்குபவரே எச்சரிக்கை" விதியையே வைத்துக்கொண்டிருக்கின்றன.

இங்கிலாந்து தன் பழைய விதியை வெளிப்படையாகக் கைவிடவில்லை. ஆனால் வாங்குபவரின் வக்கீல் நீண்ட கேள்வித்தாளை அனுப்புவது அங்கே வழக்கம். பதில் எழுதிவிட்டால் அது வாக்குமூலம். ஜப்பானிய நாட்வீட் என்ற களைச்செடி தோட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. இல்லை என்று குறித்த லண்டன்வாசி ஒருவர் 2023-இல் 32,000 பவுண்டு நஷ்டஈடு தர வேண்டியதாயிற்று. வழக்குச் செலவு அதைவிடப் பல மடங்கு. தெரியாது என்று குறிக்க அதே படிவத்தில் இடமும் இருந்தது.

நியூயார்க் 2002 மார்ச் 1 முதல் நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளோடு ஒரு படிவத்தைக் கட்டாயமாக்கியது. அதிலேயே ஒரு சந்தும் வைத்தது. படிவம் தராத விற்பனையாளர் விலையில் 500 டாலர் கழித்துக்கொடுத்தால் போதும். லட்சக்கணக்கான டாலருக்கு வீடு விற்பவருக்கு 500 டாலர் எம்மாத்திரம்! எதையாவது எழுதி மாட்டிக்கொள்வதைவிட அதைக் கொடுத்துவிடுங்கள் என்று வக்கீல்களே சொன்னார்கள். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததுண்டா என்பது போன்ற கேள்விகளைச் சேர்த்தார்கள். 2024 மார்ச் 20 முதல் அந்த 500 டாலர் சலுகை அங்கே இல்லை.